பதின்மூன்று ஆண்டுகளாக எழுதும் நாவலை எப்படி முடிப்பது?

வட்டக்கச்சியூரான்:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். மீள்குடியேறிய மறு ஆண்டு, 2011இல், ஒரு நாவலைத் தொடங்கினேன். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு, கிளாலி வழியாக வன்னிக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. தடித்த அட்டை போட்ட பதினொரு சீ.ஆர். கொப்பிகளில் எழுதியதைத் தட்டச்சு செய்து, புத்தக அளவில் பக்கம் அமைத்துப் பார்த்தால் 640 பக்கம் வருகிறது. கதை இன்னும் யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தைத் தொடவில்லை.

எழுத வரவில்லை என்பதல்ல என் சிக்கல், நிறுத்த முடியவில்லை என்பதே. நான் எழுதுவது ஊருக்குத் தெரியும். வாசிகசாலையிலும் சந்தையிலும் கண்டவர்கள், "எங்கட அண்ணன்ர கதையையும் அதுக்குள்ள போடு தம்பி" என்கிறார்கள். மறுக்க மனம் வராமல் எழுதி எழுதி, இப்போது ஓர் அத்தியாயத்தில் மட்டும் வந்து மறைந்துபோகும் மனிதர்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்களில் ஒருவரையாவது நீக்கலாம் என்று அமர்ந்தேன். அயலில் உள்ள ஓர் அம்மாவின் கதை அது. 2008இன் இறுதியில் வீட்டுக் கூரையிலிருந்து 18 தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், தருமபுரத்தில் கொட்டில் போட்டபோது 11, சுதந்திரபுரத்தில் 5, மாத்தளனில் 1 என்று விரல் மடக்கி எனக்குக் கணக்குச் சொன்னார். அந்தப் பக்கத்தை அழிக்கக் கை எழவில்லை. இதையெல்லாம் வெட்டினால்தான் நாவலா? முடித்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தண்ணீரூற்று:

தம்பி, ஒரு நாவலை முடித்து அச்சிட்டவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில் பிரதியைக் கட்டி வைத்துவிடுங்கள். நான் புரட்டாதியில் காலபோக நெல் விதைப்புத் தொடங்கியபோது கட்டி வைத்ததை, மாசியில் அரிவு வெட்டு முடிந்த பிறகே அவிழ்த்தேன். அதற்குள் என் வசனங்கள் எனக்கே மறந்திருந்தன. யாரோ எழுதியதை வாசிப்பதுபோல வாசித்தபோதுதான், முதல் மூன்று அத்தியாயங்களும் நான் சூடுபிடிப்பதற்காக எழுதியவை, கதைக்குத் தேவையற்றவை என்பது புலப்பட்டது.

அடுத்து, ஒவ்வொரு மனிதரையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அவர் இல்லாவிட்டால் உங்கள் குடும்பத்தில் யாராவது எடுக்கும் முடிவு மாறுகிறதா? மாறவில்லையென்றால் அவர் உங்கள் மனதில் இருக்கிறாரே தவிர, நாவலில் இல்லை. எனக்கு இது இலகுவாக இருந்தது என்று எண்ண வேண்டாம். என் சொந்தச் சித்தியையே அப்படி எடுத்தேன். இரண்டு நாள் கொப்பியைத் திறக்கவில்லை.

ஆனால் அந்த அம்மாவின் தகரங்களை வெட்ட வேண்டாம். உங்கள் கேள்வி முழுவதிலும் என் கண்முன் நின்றது அதுதான். பதினெட்டு ஒன்றாகும் அந்தக் கணக்கு, நீங்கள் 640 பக்கத்தில் தேடும் முதுகெலும்பு. அதை உங்கள் குடும்பத்தின் தலையில் ஏற்றி, ஒவ்வொரு இடப்பெயர்விலும் எத்தனை தகரம் மிஞ்சியது என்று எழுதிச் சென்றால், மற்றவர்களில் பலர் தாமாகவே விலகிவிடுவார்கள். அதற்கு அவரிடம் அனுமதி கேட்பது கட்டாயம். நம்முடைய ஊர்களில் மூன்று வரி வாசித்தாலே யாருடைய வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

வவுனியா ஒப்புநோக்குநர்:

வெட்டுவதும் சேர்ப்பதும் முடிந்த பின்னரே எழுத்துப்பிழை பாருங்கள் ஐயா. நீக்கப்போகும் பக்கத்தில் ஒற்றுப்பிழை திருத்தி நாளை வீணாக்கியவர்கள் பலரை அறிவேன்.

ஆண்டும் மாதமும் இடமும் கொண்ட ஒரு கால அட்டவணையைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். அண்மையில் நான் பார்த்த ஒரு பிரதியில், 2011இல் கிளிநொச்சி நிலையத்தில் ஒரு தாய் புகையிரதம் ஏறினாள். யுத்தத்துக்குப் பின் கிளிநொச்சிக்குப் புகையிரதம் வந்ததோ 2013 செப்ரெம்பரில். அதே பிரதியில் சிறுவர்கள் மார்கழி மழையில் பாலைப்பழம் பொறுக்கினார்கள். அது பழுப்பதோ கோடையில். வன்னியில் வளர்ந்த வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் பெரிய உண்மையையும் அவர் நம்பமாட்டார்.

பேச்சுவழக்கிலும் கவனம் தேவை. ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் "வாறன்" என்றும் மறுபக்கத்தில் "வருகிறேன்" என்றும் பேசக்கூடாது. தட்டச்சு பாமினி எழுத்துருவில் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றியபின் முழுவதையும் மறுபடி வாசியுங்கள். இடையிலுள்ள ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழெழுத்துகளாக மாறியிருக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 640 பக்கம் என்பது, ஒரு தாளில் 16 பக்கம் அச்சாகும் படிவங்களாக 40. நம்மவர்களில் பெரும்பாலோர் கைக்காசில் அச்சிடுகிறோம். பத்துப் படிவம் குறைந்தால் அச்சகத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

குளக்கட்டு:

தண்ணீரூற்று அக்கா சொல்வதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. விலகிப்போகும் அந்த நாற்பது பேரையும் குப்பையில் போட முடியாது. கொப்பிகளை அப்படியே வைத்திருந்து, சொன்னவரின் சம்மதத்தோடு, சொன்ன திகதியையும் குறித்துத் தனிப் பதிவாக்குங்கள். சாட்சியம் சொன்னவரின் சொல் மாறக்கூடாது. நாவலிலோ மாறியே தீரும். இரண்டையும் ஒரே கொப்பியில் வைத்திருப்பதனால்தான் உங்கள் கை எழவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 மேயில்தான் கதை முடிய வேண்டும் என்ற நியதி இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது முதலில் செய்தது கிணறு இறைத்தது. சேற்றோடு ஒரு சைக்கிள் இருக்கையும் எங்கள் வீட்டுச் சருவச்சட்டியும் மேலே வந்தன. சட்டியை அம்மா சாம்பல் போட்டு மினுக்கி, அன்றைக்கே அதில் உலை வைத்தார். அப்படியொரு நாளிலும் கதை நிற்கலாம்.

வட்டக்கச்சியூரான்:

அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. சாட்சியம், நாவல் என்று கொப்பிகளை இரண்டாகப் பிரிக்கும் வேலையை நேற்றிரவு தொடங்கிவிட்டேன். பதினொன்றில் நான்குதான் நாவல் பக்கம் வந்திருக்கிறது.

இன்று மாலை அந்த அம்மாவிடம் போய் அனுமதி கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்றார். சுதந்திரபுரத்தில் ஐந்து அல்ல, ஆறாம். ஒன்றை அயலில் இறந்துபோன பிள்ளையை மூடக் கொடுத்ததால், அதைத் தன்னுடையதாக எண்ணவில்லையாம். எழுதச் சொல்லிவிட்டார். அந்த அத்தியாயத்தை நாளை முதலிலிருந்து எழுதுகிறேன்.