ஆஸ்திரேலியாவில் முதல் வீடு வாங்கும் முன் கரையானைப் பாருங்கள்

பிரிஸ்பேன் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஊரில் கரையான் வந்தால் நிலை, ஜன்னல் சட்டம், பரணில் கிடக்கும் பழைய புத்தகம், அதோடு சரி. சுவர் செங்கல், மேலே கான்கிரீட். இங்கே வெளியே செங்கல் தெரிந்தாலும் பெரும்பாலான வீடுகளைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் மரச்சட்டம்தான். கரையான் தின்பது அதைத்தான்.

எங்கள் வீட்டில் குளியலறையை ஒட்டிய அறையில், சுவரோரப் பலகையின் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. பெயின்ட் தோல் மட்டும்தான் மிச்சம். உள்ளே ஈர மண்ணும் வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகளும். பதறிப்போய் ஸ்ப்ரே அடித்துவிட்டேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கண்ணில் படுவது இரை தேடி வந்த வேலைக்காரக் கரையான்கள்தான். ராணி இருக்கும் கூடு 50 மீட்டர் தள்ளி ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில்கூட இருக்கலாம். கலைத்துவிட்டால் வேறு வழியாக வரும். தொடாமல் மூடி வைத்துவிட்டு, உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். அவர்கள் வைக்கும் இரைமருந்து உடனே கொல்லாது, தோலுரிக்க விடாமல் தடுக்கும். கரையான்கள் வாய்க்கு வாய் உணவு ஊட்டிக்கொள்வதால் மருந்து கூடு வரை போய்ச் சேரும்.

கரையானுக்கு ஈரம் வேண்டும், உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும். மண்குழாய் கட்டிக்கொண்டு வருவது அதனால்தான். ஏசி தண்ணீர் சுவரடியில் சொட்ட விடாதீர்கள். செங்கல் சுவரின் அடியில் இருக்கும் சிறு துளைகளை மூடும்படி மண்ணைக் கொட்டிக் கறிவேப்பிலை வைக்காதீர்கள், தொட்டியில் வையுங்கள். கான்கிரீட் தளத்தின் விளிம்பு 75 மி.மீ. ஆவது வெளியே தெரிந்தால்தான் மண்குழாய் ஏறுவது கண்ணில் படும்.

வாங்கும் ஒப்பந்தத்தில் 'பில்டிங் அண்ட் பெஸ்ட்' (building and pest), அதாவது கட்டடத்தையும் பூச்சியையும் சோதித்துப் பார்க்கும் நிபந்தனையை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். மீட்டர் பெட்டியைத் திறந்து, கரையான் தடுப்பு பற்றிய அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா, என்ன தேதி என்று பாருங்கள். அப்புறம் வருடம் ஒருமுறையாவது சோதனை. பெரும்பாலான வீட்டுக் காப்பீடுகள் கரையான் சேதத்துக்குப் பணம் தராது.

கேள்வி: அண்ணா, நேற்று மழைக்கு அப்புறம் ஈசல் வந்தது. பயப்பட வேண்டுமா?

ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான்தான். தெருவிளக்கைச் சுற்றியா, வீட்டுக்குள்ளிருந்தா? வெளியே என்றால் பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது, சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சுவர் இடுக்கிலிருந்து கிளம்பினாலோ, ஜன்னலோரம் உதிர்ந்த சிறகு குவிந்திருந்தாலோ, இன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். சிறகை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக் காட்டுங்கள்.