புதுப்பிப்பு: கிரான் லாகில் கட்டளை பாதியில் வெட்டுப்பட்ட விஷயம்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பழைய உபுண்டு சர்வர். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்தான் கிரான்; எதை எப்போது ஓட்டியது என்று அது எழுதிவைக்கும் பதிவு கிரான் லாக். அதிலிருந்து நேரம், பயனர், கட்டளை மூன்றையும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் பேட்டர்ன்) பிரிக்க வேண்டும். கட்டளை மட்டும் நடுவில் அறுந்து வந்தது.

காரணம், பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க கட்டளைக்குள் இருக்கும் $(…). கட்டளையை லாக் ஏற்கெனவே அடைப்புக்குறிக்குள்தான் எழுதுகிறது. என் \((.*?)\) உள்ளே வரும் முதல் மூடும் குறியிலேயே நின்றுவிட்டது. சிலர் சொன்ன [^)]* போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கும். மேலூர் அண்ணன் சொன்னதுதான் பலித்தது: முதல் மூடும் குறியிலேயே நிறுத்தும் கேள்விக்குறியை எடுத்துவிட்டு, வரி முடிவைக் குறிக்கும் $ போட்டு பேட்டர்னை அங்கே கட்டிப்போடுங்கள் என்றார். கட்டளைக்கான பகுதி இப்போது இப்படி:

\((.*)\)$

பயனர் பெயருக்கு மட்டும் \(([^)]+)\) போதும்; அதற்குள் அடைப்புக்குறி வராது.

எதிர்பாராதது ஒன்று. மாதத்தின் 1 முதல் 9 வரை தேதிக்கு முன்னால் இரண்டு இடைவெளி விழுகிறது. ஒற்றை இடைவெளி வைத்த பேட்டர்ன் 10ஆம் தேதியிலிருந்துதான் ஓடும்! இடைவெளிக்குப் பக்கத்தில் + (ஒன்றோ அதற்கு மேலோ) போட்டதும் சரியானது.

அப்புறம், வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்பதை இந்த லாகிலிருந்து எடுக்க முடியாது. இயல்பாகத் தொடக்கம் மட்டுமே பதிவாகிறது. முடிவும் வேண்டுமென்றால் கிரானின் லாக் அளவை 3 ஆக்க வேண்டும்: தொடக்கத்துக்கு 1, முடிவுக்கு 2, இரண்டையும் கூட்டினால் 3. கடைக்காரர் அந்த ஓடிய நேரத்தைத்தான் அடுத்துக் கேட்கிறார்.