பழைய அலுவலகக் கணினிக்கு 600 ரிங்கிட்டுக்குள் எந்த கிராபிக்ஸ் கார்டு பொருந்தும்?

சிப்புட் கேமரா:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் திருமணம், காதணி விழா, தோட்டத்துக் கோயில் தீமிதி என்று அழைத்த இடத்திற்கெல்லாம் போய்ப் படமெடுத்து, வீட்டிலேயே காணொளியாகத் தொகுத்துக் கொடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவர்: இன்டெல் ஐ5-4590, 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், 290 வாட் பவர் சப்ளை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. கேமராவில் எடுத்ததை மட்டும் தொகுத்த வரையில், பொறுமை இருந்தால் வேலை முடிந்துவிடும். இப்போது மணவீட்டார் தங்கள் கைப்பேசிகளில் எடுத்ததையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்தக் கோப்புகளை டைம்லைனில் வைத்ததுமே படம் திக்கித் திக்கி ஓடுகிறது. இரவில் தம்பி டோட்டா 2 விளையாடுவதும் இதே கணினியில்தான்.

ஒதுக்கியிருக்கும் பணம் 600 ரிங்கிட். ஈப்போவில் ஒரு கடைக்காரர், வாரன்டியும் உண்டு, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும் என்று சொல்லிப் புதிய ஆர்எக்ஸ் 6400-ஐப் பரிந்துரைத்தார். இணையத்தில் பழைய சாமான் விற்பவர்களிடம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 580 ஆகியவை கிடைக்கின்றன. இவற்றில் எது என் வேலைக்கு ஏற்றது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈப்போ வயர்மேன்:

தம்பி, கார்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, பவர் சப்ளையிலிருந்து வரும் வயர்களைப் பாருங்கள். அந்த 290 வாட் பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று வரும் 6 முனை வயர் இருக்காது. ஆகவே போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் முழுவதுமாக இயங்கும் கார்டு மட்டுமே உங்களுக்கு ஆகும். ஐ5-4590-க்கு இன்டெல் குறித்திருப்பது 84 வாட். கார்டுக்கு 75, போர்டு, டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் 40 என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 200 வாட்டில் நின்றுவிடுகிறது என்பதால், 290 வாட்டை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

இந்தக் கணக்கில் ஆர்எக்ஸ் 580 முதலிலேயே கழிந்துவிடுகிறது. அது ஒன்றே 185 வாட் கேட்கும். ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட்தான், ஆனால் அதில் வேறு சிக்கல் உண்டு. பார்ப்பதற்கு முழு நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் தரவு போய்வர அது பயன்படுத்துவது நான்கு தடங்களை மட்டுமே. அந்த ஸ்லாட்டின் பிசிஐஇ என்ற தரத்தில் 4.0 உள்ள புதிய போர்டில் அது பெரிதாகத் தெரியாது. உங்களுடையது 3.0 என்பதால் தரவு போய்வரும் வேகம் பாதியாகி, கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பும்போதெல்லாம் இழுக்கும். கடைக்காரர் சொன்ன இரண்டும் உண்மைதான், இதை மட்டும் சொல்லவில்லை.

1050 டிஐ 2016-இல் வந்தது. அந்தத் தலைமுறைக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். மிக மலிவாகக் கிடைத்தாலொழிய அதில் பணம் போட வேண்டாம். 2019-இல் வந்த 1650-ஐப் பாருங்கள். ஆனால் அதிலும் சில தயாரிப்புகளில் 6 முனை இணைப்பு இருக்கும். விற்பவரிடம் கார்டின் மேல் விளிம்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய சரக்கு:

வயர்மேன் அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் 8 ஜிபி நினைவகத்துடன் வரும் ஆர்எக்ஸ் 580, 1650-ஐ விட வேகமானது. ஒரு 500 வாட் பவர் சப்ளையையும் சேர்த்து வாங்கினால் முடிந்துவிடாதா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நான்காம் தலைமுறை இன்டெல் செயலி விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. அப்படியிருக்க, இந்தக் கணினிக்கு 600 ரிங்கிட் செலவழிப்பது சரியா?

ஈப்போ வயர்மேன்:

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதல் யோசனை இந்தப் பெட்டியில் எளிதில் நடக்காது. 9020-இன் போர்டில் வழக்கமான 24 முனை இணைப்பு இல்லை, டெல் தனக்கென்று வைத்துக்கொண்ட 8 முனை இணைப்புதான் உண்டு. இடையில் ஒரு மாற்று வயர் போட வேண்டும். பவர் சப்ளையையும் பெயர் தெரியாத மலிவுச் சரக்காக வாங்க முடியாது. இவற்றுக்கே பணத்தில் பெரும்பகுதி போய்விடும். பழைய ஆர்எக்ஸ் 580-களில் பல, கிரிப்டோ நாணயச் சுரங்க வேலையில் இரவு பகலாக ஓடியவை. அவற்றோடு 2304 கணக்கீட்டு மையங்களுக்குப் பதில் 2048 மட்டுமே உள்ள குறைந்த வகையும் அதே பெயரில் சந்தையில் உலவுகிறது.

விண்டோஸ் விஷயத்தில் என் கருத்து இது: அடுத்த கணினிக்குக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய பொருளுக்குச் செலவு செய்யுங்கள். கார்டும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் வேகமான எஸ்எஸ்டியும் கூடவே வரும். உங்கள் கணினியில் உள்ள டிடிஆர்3 வகை ரேம் புதிய போர்டில் பொருந்தாது என்பதால் அதைப் பழையதாக மலிவில் வாங்கினால் போதும். கையில் இன்னும் கொஞ்சம் பணம் சேரும் என்றால், 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகைக்குக் காத்திருக்கலாம். அது 70 வாட்டில், தனி வயர் இல்லாமல் இயங்கும். 8 ஜிபி வகை 130 வாட் கேட்கும் வேறொரு கார்டு. பெயரை மட்டும் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

தொகுப்பறை அக்கா:

நீங்கள் எல்லாரும் விளையாட்டுக்குக் கார்டு தேடுவதுபோல் பேசுகிறீர்கள். தம்பியின் பிழைப்பு காணொளியில் இருப்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இன்றைய கைப்பேசிகளில் பல, இடத்தை மிச்சப்படுத்த எச்இவிசி (எச்.265) என்ற, காணொளியை அதிகமாகச் சுருக்கும் வடிவத்தில் பதிவு செய்கின்றன. ஐ5-4590-க்குள் இருக்கும் கிராபிக்ஸில் அதை விரிப்பதற்கென்று முழுமையான தனிச்சுற்று கிடையாது. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் இன்டெல் அதைச் சேர்த்தது. அதனால் செயலியின் நான்கு மையங்களும் அந்த வேலையைத் தலையில் சுமக்கின்றன, படம் திக்குகிறது. 1650, 10 பிட் எச்இவிசியையும் தானே விரித்துவிடும். ஆர்எக்ஸ் 6400-உம் விரிக்கும், ஆனால் தொகுத்து முடித்த காணொளியைச் சுருக்கி வெளியே எடுப்பதற்கான சுற்றே அதில் இல்லை. ஒரு மணி நேரத் திருமணப் படத்தை ஏற்றுமதி செய்யும்போது மீண்டும் அதே பழைய செயலிதான் உழைக்க வேண்டும். அந்தக் கார்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் உங்கள் கேமரா நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2, 10 பிட் முறையில் பதிவு செய்தால் நிலைமை வேறு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்த என்விடியா கார்டும் அதை விரிக்காது. எவ்வளவு செலவழித்தாலும் சிறிய அளவு நகல்களை உருவாக்கி வைத்துத்தான் தொகுக்க வேண்டியிருக்கும். சில தொகுப்பு மென்பொருள்களின் இலவசப் பதிப்பு கார்டின் இந்தத் திறனைப் பயன்படுத்த விடாது என்பதையும் வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் அப்படியே வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான். 16 ஜிபியும் ஓர் எஸ்எஸ்டியும் கட்டாயம் வேண்டும்.

சிப்புட் கேமரா:

அக்காவுக்கும் வயர்மேன் அண்ணனுக்கும் மிக்க நன்றி. கேமராவின் அமைப்பைப் பார்த்தேன். 8 பிட், 4:2:0, எச்.264 என்று இருக்கிறது. கைப்பேசிக் கோப்புகள் நீங்கள் சொன்னபடியே எச்இவிசிதான். எனவே தனி வயர் தேவைப்படாத பழைய 1650, ஓர் எஸ்எஸ்டி, இன்னொரு 8 ஜிபி ரேம் என்று முடிவு செய்திருக்கிறேன். என் மானிட்டரில் விஜிஏ இணைப்பு மட்டுமே உள்ளது. அது தடையாக இருக்குமா?

ஈப்போ வயர்மேன்:

1650-இல் விஜிஏ வராது. டிஸ்ப்ளேபோர்ட்டையோ எச்டிஎம்ஐயையோ விஜிஏவாக மாற்றும் சில்லு உள்ள ஓர் இணைப்பியை வாங்குங்கள். வெறும் வயரை மாற்றிக் கட்டிய மலிவு வகை வேலை செய்யாது. கார்டு போட்ட பிறகு மானிட்டர் வயரைப் போர்டிலேயே விட்டுவிட்டு, கார்டு கெட்டது என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு, ஆகவே அதையும் சொல்லி வைக்கிறேன். கார்டின் நீளத்தை விற்பவரிடம் கேட்டு, ஸ்லாட்டிலிருந்து டிஸ்க் கூடு வரைக்கும் உள்ள இடத்தை அளந்துவிடுங்கள். ஒற்றை விசிறி உள்ள குட்டை வகை பெரும்பாலும் சிரமம் தராது.

விற்பவரிடம் நேரில் போய், அவர் கணினியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச நிரலில் பெயருக்கு முன் போலி (FAKE) என்ற குறிப்பு வந்தால் உடனே எழுந்துவிடுங்கள். பழைய சில்லில் புதிய பெயரை எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, திரையில் கோடுகளோ புள்ளிகளோ வருகின்றனவா என்று பாருங்கள். நம் பக்கத்து ஈரத்தில் இணைப்பு முனைகள் துருப்பிடிப்பது சாதாரணம் என்பதால், பின்பக்கத் தகட்டையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.