கன்னியா வெந்நீரூற்றுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வவுனியாப் பெடியன்:
வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. காலையில் எழும்பினால் கட்டிலிலேயே கால் மணி நேரம் இருந்து உருவிவிட்டால்தான் நடக்க வரும். திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்தால் நோவு குறையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து வீட்டில் ஒரே நச்சரிப்பு. அடுத்த மாதம் திருமலைக் கோணேஸ்வரம் கோயிலுக்குப் போகிற யோசனையும் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா? கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இருக்க விடுவார்களா? அம்மாவுக்குப் பிரஷர், சீனி இரண்டும் இருக்கிறது, மருந்து எடுக்கிறார்.

உப்புவெளி:
தம்பி, முதலில் அந்தக் கழுத்தளவுத் தண்ணீரை மறந்துவிடுங்கள். கன்னியா குளம் இல்லை, ஏழு கிணறு. சின்னச் சின்னச் சதுரக் கட்டு, மூன்று நாலு அடிதான் ஆழம், குனிந்து பார்த்தால் அடி தெரியும். உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளித் தலையில் வார்ப்பதுதான் குளிப்பு. யப்பான் வெந்நீர்க் குளங்களின் படங்களைப் பார்த்துவிட்டு வருகிற ஆட்கள் “இவ்வளவுதானா?” என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போவதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ஆனால் ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு, ஒன்றில் வெதுவெதுப்பு, பக்கத்துக் கிணற்றில் அள்ளினால் முதல் வாளிக்கே ஆள் துள்ளும். அந்த வேடிக்கைக்காகவே போகலாம்.

விடியவே வெளிக்கிடுங்கள். வெயில் ஏறிய பிறகு மேலேயும் சூடு கீழேயும் சூடு, சுற்றுலா பஸ்களும் வந்து சேர்ந்துவிடும். ஹொரவப்பொத்தானைப் பக்கத்தால் வந்தால் திருமலை ரவுணுக்கு முன்னமே கன்னியாவுக்குத் திரும்புகிற இடம் வரும், அதனால் முதலில் குளிப்பு, பிறகு கோயில். கோணேஸ்வரம் கோட்டைக்குள்ளால் ஏற்றம், அம்மாவை நடக்க விடாமல் ஓட்டோ பிடியுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
சீனி என்று எழுதியதால் சொல்கிறேன். கனகாலமாகச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுகிறது என்று கால் சொல்லாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே நீங்கள் தண்ணீரில் உங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பாதத்தில் புண், வெடிப்பு இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பிரஷர் மருந்து எடுப்பவர்களுக்குச் சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் சட்டென்று இறங்கும், எழும்பும்போது தலை சுற்றும், கீழே வேறு ஈரத்தரை. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கொண்டுபோய் இருத்தி ஊற்றுங்கள், பத்து நிமிடம் போதும், மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளித்த கையோடு குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

நோவைப் பற்றியும் ஒன்று. சூடு பட்டால் தசை தளரும், மூட்டின் இறுக்கம் கொஞ்ச நேரத்துக்குக் குறையும், அது உண்மை. தேய்ந்த மூட்டு அதனால் திரும்ப வளராது. வீட்டில் சுடுதண்ணீரில் பிழிந்த துவாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. பயணம் போகவேண்டாம் என்று சொல்லவில்லை, மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கல்லும் மண்ணும்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாட்டில் எரிமலை இல்லை, ஆனாலும் தண்ணீர் சுடுகிறது. மழைநீர் பாறை வெடிப்புகளால் வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறு வெடிப்பால் திரும்ப மேலே வருகிறது. கன்னியா, மகாஓயா, சூரியவெவப் பக்கம் மகாபெலஸ்ஸ என்று வெந்நீரூற்றுகள் எல்லாம் கிழக்கிலிருந்து தென்கிழக்கு வரை ஒரு வரிசையாக இருப்பதும் சும்மா இல்லை, இரண்டு பழைய பாறைத்தொகுதிகள் சந்திக்கிற எல்லை அந்தப் பக்கத்தால்தான் போகிறது. மகாஓயாவில் சூடு 50 பாகைக்கும் மேலே, அம்மாவை அங்கே கொண்டுபோய்விடாதீர்கள்.

உப்புவெளி:
அண்ணை பாறை சொல்கிறார், எங்கள் ஆச்சி இராவணன் என்பார். இறந்த தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி ஏழு இடத்தில் வாளால் குத்தினானாம். அதனால்தான் இன்றைக்கும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே வருகிறார்கள். பக்கத்தில் யாராவது கிரியை செய்துகொண்டிருந்தால் செல்பியைக் கொஞ்சம் பிறகு எடுங்கள்.

வவுனியாப் பெடியன்:
எல்லோருக்கும் நன்றி, போய் வந்தாயிற்று. ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். போன பிறகுதான் அம்மா வாயைத் திறக்கிறார், அவருடைய அப்பாவின் அந்தியேட்டி அங்கேதானாம், அப்போது அவருக்கு ஒன்பது வயது. முழங்கால் கதை பாதிதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்டூலில் இருத்தி, கையை விட்டுப் பார்த்துச் சூடு குறைந்த கிணற்றில் அள்ளி வார்த்தேன். ஆறேழு வாளிக்குப் பிறகு “காணும், தா” என்று வாளியை வாங்கி, மற்றக் கிணறுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கையில் மட்டும் விட்டுப் பார்த்துக்கொண்டு போனார், ஏழும் முடியும் வரைக்கும். ஓட்டோவுக்கு நடந்து வரும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் வழமைபோல் கால் மணி நேரம் உருவிவிட்டேன்.