ஆல் இன் ஒன் கெட்டில்: ஆஃப்செட்டை எதை வைத்துப் போடுவது?

பார்லிக்காரன்:
பீர் காய்ச்சும் கெட்டிலின் டிஸ்பிளே 67 காட்டுகிறது, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) படுகையின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகினால் 63.5. ஸ்டார்ச் சர்க்கரையாவது படுகையில்தான், அங்குள்ள சூடே கணக்கு. ஆஃப்செட் (டிஸ்பிளே எண்ணில் சேர்க்கும் திருத்தம்) மைனஸ் 3.5 போடுங்கள், இரண்டும் ஒத்துவரும்.

கொப்பரை:
தவறான வழி நண்பரே. சென்சார் அடித்தட்டில், ஹீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே 67 இருந்தால் 67தான் காட்டும். உங்கள் ஆஃப்செட்டோடு 67 வைத்தால் அடியில் நிஜமாக 70.5 ஓடும். ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கும் நொதியான பீட்டா அமிலேஸ் வோர்ட்டில், அதாவது மால்ட் ஊறிய இனிப்பு நீரில், கரைந்திருப்பது. வோர்ட்டை அடியிலிருந்து மேலே ஏற்றிச் சுற்றவிடும் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் அதை அந்தச் சூட்டுக்குள் இழுத்துப்போகும், நொதி சீக்கிரம் செத்துவிடும்.

ஆஃப்செட்டை வெறும் தண்ணீரில் போட வேண்டும். முதலில் தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, 0 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு கெட்டிலில் 20 லிட்டர் தண்ணீர், மால்ட் பைப் (மால்ட்டைக் கொட்டும் துளையடி உருளை) உள்ளே, மூடி மேலே, 66 வைத்து பம்பை 20 நிமிடம் ஓடவிடுங்கள். நடு ஆழத்தில் 5 நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒத்துவந்தால், டிஸ்பிளேக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே ஆஃப்செட். 50லும் 76லும் வித்தியாசம் மாறினால் 66ல் கிடைத்ததையே வையுங்கள், மேஷ் (மால்ட்டைச் சூடான நீரில் ஊறவைப்பது) நடப்பது அங்கேதான்.

டென்வர்வாசி:
கொதிநீரை 100 என்று வைத்துத் திருத்துகிறவர்களும் உண்டு. டென்வர் 1,600 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 95க்கே கொதிக்கும். 100 என்று திருத்தினால் 5 டிகிரி பிழை மேஷுக்குள் வந்துவிடும். மைனஸ் 3.5 போட்டாலோ கொதிக்கும்போது டிஸ்பிளே 91.5 காட்டும். 94க்கு வைத்த அலாரம் அடிக்காது, நுரை பொங்கி வழிந்த பிறகுதான் தெரியும்.

பார்லிக்காரன்:
கொதிநிலை விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வோர்ட்டில் பெரும்பங்கு படுகைக்குள்தானே நிற்கிறது? அங்கே 3.5 குறைந்தால் பீர் மெலிந்துபோகும். அதை அப்படியே விடுவதா?

கொப்பரை:
விட வேண்டாம், காரணத்தைச் சரிசெய்யுங்கள். 20 லிட்டரை 66க்குச் சூடாக்கி, 20 டிகிரியில் இருக்கும் 5 கிலோ மால்ட்டைக் கொட்டினால் 62க்கு இறங்கிவிடும். ஹீட்டர் அடியைச் சட்டென்று ஏற்றிவிடும், படுகை பின்தங்கும். தண்ணீரை 70.7க்கு ஏற்றிவிட்டுக் கொட்டுங்கள். பிறகு ஹீட்டரை 500 வாட் அளவுக்குக் குறையுங்கள். முக்கியமாக ஓவர்ஃப்ளோ குழாயை (படுகைக்கு மேல் நிரம்பும் வோர்ட் அடிக்கு இறங்கும் வழி) கவனியுங்கள். வோர்ட் அதன் வழியே இறங்கினால் படுகையைத் தொடாமலே சுற்றுகிறது என்று பொருள். பம்ப் வால்வைச் சற்று மூடுங்கள், அடுத்த முறை மால்ட்டை நொறுக்கும் மில்லின் உருளை இடைவெளியை 1.2 மில்லிமீட்டருக்குத் தளர்த்துங்கள்.

பார்லிக்காரன்:
7 கிலோ மால்ட் போட்டால் அத்தனையும் செய்தாலும் 1 டிகிரி எஞ்சும். அப்போது மேஷ் ஸ்டெப்பில் மட்டும் 66க்குப் பதில் 67 வைத்துக்கொள்கிறேன். ஆஃப்செட்டை இனித் தொடவில்லை.

கொப்பரை:
1 டிகிரிக்கு அது போதும். 20 நிமிடம் கழித்தும் 3 டிகிரி வித்தியாசம் இருந்தால் செட்பாயிண்டை (கெட்டிலில் வைக்கும் சூட்டை) ஏற்றாதீர்கள், பம்பை நிறுத்திப் படுகையைக் கிளறிவிடுங்கள்.