கொரோலா: சின்னக் கிரீடமா, சின்ன மாலையா?

பூவரசி: நேற்று கார் இழையில் ஒருவர் எழுதியது: "கொரோலா என்றால் லத்தீனில் தங்கத்தில் செய்த சின்னக் கிரீடம். ராஜா வீட்டுப் பெயர்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ரோமானியருக்குக் கொரோனா என்பது முதலில் தலையில் சுற்றும் மாலை. சக குடிமகனின் உயிரைப் போரில் காத்தவருக்குக் கொடுத்தது ஓக் இலையில் கட்டியது. முற்றுகையில் சிக்கிய படையை மீட்டவருக்குப் புல்லில் முடைந்தது. அதன் குறுமை வடிவம்தான் கொரோலா. தங்கம் எங்கே?

கார்க்கிறுக்கன்: எழுதியது நான்தான். எதிரியின் மதில்மேல் முதலில் ஏறியவனுக்குக் கொடுத்த கொரோனா தங்கம், அதுவும் மதில் வடிவத்தில். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது உங்கள் வழக்கம், போன மாதமும் பார்த்தோம். டொயோட்டா 1955இல் கிரவுன், 1957இல் கொரோனா, 1966இல் கொரோலா என்று வரிசையாகப் பெயர் வைத்தது. கேம்ரிகூட ஜப்பானியக் 'கன்முரி', கிரீடம். அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

பூவரசி: கார் கம்பெனியிடமா லத்தீன் படிப்பது? கேட்டது கொரோலா, காட்டுவது கொரோனா. ரோமானியக் கவிஞர் ப்ரொபெர்டியஸின் கவிதையில் ஒரு வீட்டுக் கதவே பேசுகிறது: காதலர்கள் தன்மேல் கொரோலாக்களைத் தொங்கவிடுகிறார்களாம். கதவில் யாராவது கிரீடத்தைத் தொங்கவிடுவார்களா? தாவரவியலாளர் லின்னேயஸும் பூவின் அல்லி வட்டத்துக்குத்தான் இந்தச் சொல்லை வைத்தார்.

வைகைக்கரை: அல்லி குளத்தில் பூப்பது. இதழ் வட்டம் என்று எழுதுங்கள். தமிழையும் கெடுக்க வேண்டாம்.

பூவரசி: அகவிதழ் அல்லி, புறவிதழ் புல்லி. பழைய உரைகளிலேயே உண்டு. திருத்த வருமுன் படித்துவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை: படித்தவர்கள் பேசும் பேச்சா இது?

கணக்கு வாத்தியார்: கிளைத்தேற்றத்தின் ஆங்கிலப் பெயரான கொரோலரியும் இங்கிருந்து வந்ததுதான். நடிகருக்குக் கூலிக்கு மேல், மாலைக்கென்று கொடுத்தது கொரோலாரியம். தேற்றத்தோடு தனியாக உழைக்காமல் கிடைப்பதற்கு அந்தப் பெயர் வந்தது. மாலைதான் சரி.

கார்க்கிறுக்கன்: நல்லதாய்ப் போயிற்று. அந்தக் கொரோலாரியம் மெல்லிய செப்புத் தகட்டில் தங்க முலாமோ வெள்ளி முலாமோ பூசியது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. தங்கம் வந்துவிட்டதா?

பூவரசி: முலாம் பூசினால் செம்பு தங்கமாகிவிடுமா? "தங்கத்தில் செய்த" என்று எழுதியது யார்? கதவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கார்க்கிறுக்கன்: தங்கமே இல்லை என்றது யார்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

பூவரசி: "தங்கம் எங்கே" என்றுதான் கேட்டேன், மேலே போய்ப் பாருங்கள். கதவு?

வைகைக்கரை: அல்லி விஷயம் அப்படியே நிற்கிறது.