பாடவிவர ஆவணத்தை மாணவர்கள் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

கேள்வி (பகுதிநேர விரிவுரையாளர்):
சிங்கப்பூரில் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகவியல் பாடம் நடத்துகிறேன். துறை தந்த வடிவத்தின்படி கற்றல் இலக்குகள், வாராந்தரத் தலைப்புகள், வாசிப்புப் பட்டியல், மதிப்பெண் பங்கீடு, தாமதத்துக்கான தண்டம், கருத்துத்திருட்டு விதிகள் ஆகிய அனைத்தையும் எழுதி, பருவம் தொடங்கும் முன்பே கேன்வாஸ் என்னும் இணையக் கற்றல் தளத்தில் ஏற்றிவிட்டேன். அப்படியிருந்தும், கட்டுரையை எப்போது தர வேண்டும், எத்தனைச் சொற்கள் என்னும் கேள்விகள் மின்னஞ்சலில் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் வாரத்தில் இந்த ஆவணத்தைப் பற்றியே இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு வைத்தால் பயன்படுமா?

மறுமொழி 1 (மூன்றாம் ஆண்டு மாணவி):
சிறு தேர்வு வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காக நாங்கள் படிப்பவை அன்றைக்கே மறந்துபோகும். பாடவிவரத்தை நாங்கள் மிகக் கவனமாகப் பார்ப்பது வகுப்பு தொடங்கும் முன்புதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிப்போர் மாணவர்களே உருவாக்கிய என்யுஎஸ்மோட்ஸ் தளத்தில் கால அட்டவணையை அமைக்கும்போதும், எஸ்எம்யூவில் (சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகம்) படிப்போர் அதற்கெனத் தரப்படும் மின்டாலர்களைக் கொண்டு பாடங்களை ஏலம் கேட்கும்போதும், இறுதித் தேர்வு உண்டா, குழுப்பணிக்கு எத்தனை விழுக்காடு, வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டா என்ற மூன்றையும்தான் முதலில் தேடுகிறோம். கற்றல் இலக்குகளை வாசித்துவிட்டுப் பாடம் தேர்ந்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. வகுப்பு தொடங்கியபின், ஏதேனும் ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில் மட்டுமே ஆவணத்தை மீண்டும் திறக்கிறோம். அப்போது விடை ஒன்பதாம் பக்கத்தில் இருந்தால், அதைத் தேடுவதைவிட உங்களுக்கு எழுதிக் கேட்பது எளிதாகத் தோன்றுகிறது.

மறுமொழி 2 (நீண்டகாலம் கற்பித்தவர்):
தங்கை சொல்வது சரிதான். ஆனால் துறைக்கு அந்த நீண்ட ஆவணம் தேவை. மதிப்பெண் குறித்து மேல்முறையீடு வரும்போது அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே அதைச் சுருக்காமல், தேதிகளும் விழுக்காடுகளும் அடங்கிய ஒரு பக்கத்தை அதன் முகப்பாக வையுங்கள்.

அதைவிட முக்கியமானது வேலைப்பளு. தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 அலகுப் பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் என்பது கணக்கு. 2-1-0-3-4 என்று குறிக்கப்பட்டிருந்தால் விரிவுரை 2, டியூட்டோரியல் (சிறுகுழு வகுப்பு) 1, ஆய்வகம் இல்லை, திட்டப்பணி 3, முன்தயாரிப்பு 4 மணி நேரம் என்று பொருள். நீங்கள் தரும் வாராந்தர வாசிப்பு அந்த 4 மணி நேரத்துக்குள் அடங்குகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். அடங்காத பட்டியலை மாணவர்கள் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டுவிடுவார்கள், அதன்பின் அந்த ஆவணத்தின் மற்ற பகுதிகளையும் நம்ப மாட்டார்கள்.

முதல் பருவத்தின் 13 வாரங்களில் பிற்பகுதியில் பெரும்பாலும் தீபாவளி வந்துவிடும். அன்றைய டியூட்டோரியல் குழு பின்தங்காதிருக்க மாற்று ஏற்பாட்டையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய விதியைப் பொதுவாக ஒரே வரியில் முடிக்காமல், எந்தப் பணியில் எதற்கு அனுமதி என்று ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை இப்போது அதிகம் குழப்பம் தருவது இதுதான்.

மறுமொழி 3 (வேலை செய்துகொண்டே படிப்பவர்):
எங்களைப் போன்றவர்கள் பாடவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அலுவலகத்தில் விடுப்புக் கேட்கிறோம். தேசிய சேவையை முடித்தவர்களுக்கான போர்க்காலப் படைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் எந்தத் தேதி மோதுகிறது என்று பார்ப்பதும் அதில்தான். அதனால் தேதியை மாற்றாதீர்கள் என்று கேட்கவில்லை. மாற்றினால் பழைய கோப்பைச் சத்தமில்லாமல் புதியதால் மாற்றிவிடாமல், மாறிய வரியை எடுத்துக்காட்டி ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். விரிவுரையில் வாய்மொழியாகச் சொன்ன மாற்றம், அன்று வராதவருக்குத் தெரியவே தெரியாது.

கேட்டவர்:
நன்றி. சிறு தேர்வைக் கைவிடுகிறேன். முகப்புப் பக்கத்தை இந்த வாரமே ஏற்றிவிடுகிறேன். வாசிப்புப் பட்டியலைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்தாம், எட்டாம் வாரங்களில் அது 4 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அவற்றில் எதைக் கட்டாயமாக வைப்பது, எதை விருப்ப வாசிப்புக்கு நகர்த்துவது என்று முடிவு செய்ய வேண்டும். விருப்ப வாசிப்பு என்று குறித்தால் மாணவர்கள் அதைத் திறந்தாவது பார்ப்பார்களா?

மறுமொழி 1:
கட்டுரைத் தலைப்பு ஒன்று அதைச் சார்ந்திருந்தால் நிச்சயம் பார்ப்போம்.